சூடான பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மூடுங்கள்! மெத்தென்ற அத்திப்பழ பிஸ்கட்

[நெருக்கமான காட்சி: பிஸ்கட்டை இரண்டாகப் பிய்க்கும் விரல்கள்]

முறுக்கு சுட்டு இறக்கியதும் வீட்டில் என்ன சொல்வார்கள்? "சூட்டோட மூடாத, வேர்த்துடும், நமத்துப் போயிடும்." இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? இன்று நான் ஓவனிலிருந்து எடுத்த பிஸ்கட்டை, ஆவி பறக்கப் பறக்க, டப்பாவில் அடுக்கி இறுக மூடப் போகிறேன். இது நமத்தால்தான் ருசி!

வணக்கம் மக்களே. அமெரிக்காவில் இதற்கு ஃபிக் நியூட்டன் என்று பெயர். 1891-ல் மாசசூசெட்ஸில் கென்னடி பிஸ்கட் கம்பெனி செய்யத் தொடங்கியது. ஆப்பிள் விழுந்த கதையின் நியூட்டன் இல்லை, பாஸ்டன் பக்கத்திலுள்ள ஊர் நியூட்டன். வரலாறு இவ்வளவு போதும். ஆனால் அந்த இயந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜேம்ஸ் ஹென்றி மிட்செல் உருவாக்கியது அது: ஒரு புனலுக்குள் இன்னொரு புனல். முறுக்கு உரலுக்குள் குட்டி உரல் ஒன்றைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள் குழலில் பழ ஜாம், வெளிக் குழலில் மாவு. இரண்டும் சேர்ந்து, பூரணம் நிறைந்த ஒரே நீளக் கயிறாக வெளியே வரும்.

நமக்கு அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டும். சரி, அடுப்படிக்குப் போவோம்.

[உலர்ந்த அத்திப்பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டுதல்]

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். "அத்தி பூத்தாற்போல" என்கிறோமே, அத்தி பூக்காமலா இருக்கிறது? பூ முழுவதும் காய்க்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. நம் ஊர் அத்தி வேறு மரம், கடையில் விற்கும் இந்தச் சீமை அத்தி வேறு மரம். இரண்டுக்குமே பூ உள்ளேதான். கடிக்கும்போது நறநறவென்று படுகிற ஒவ்வொரு விதையும் ஒரு குட்டிப் பூவிலிருந்து வந்தது. எனக்கு இந்தப் பழத்தில் மிகவும் பிடித்ததே அந்த நறநறதான். தயவுசெய்து வடிகட்டிவிடாதீர்கள்.

200 கிராம் பழத்தைக் காம்பு கிள்ளி நறுக்கி, அரை கப் தண்ணீரில் வேகவைத்து அரைத்து, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. தளர்வாக இருந்தால் ஓவனுக்குள் கொதித்து மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மாவு எளிது. 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டேபிள்ஸ்பூன் தேன், 200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம் பட்டர் பேப்பர் மேல் சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, 10 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, நடுவில் விரல் கனத்துக்குப் பூரணம் வைத்து, இரு பக்கமும் மடியுங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். 175 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்தால் போதும்.

[காட்சி: கத்தி, ஆவி, டப்பா]

இப்போதுதான் முக்கியமான இடம். சூட்டோடு துண்டு போட்டு டப்பாவில் அடுக்கி, மேலே டிஷ்யூ ஒன்றை விரித்து மூடுங்கள். முதல் தடவை நான் வழக்கம்போல ஆறவிட்டுத்தான் மூடினேன், மேல்தோல் விறைப்பாகவே நின்றது. மூடிவிட்டால் ஆவி வெளியே போகாமல் தோலுக்கே திரும்பும். தேனும் நாட்டுச் சர்க்கரையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூரணத்தின் ஈரமும் மெல்ல மெல்ல மாவுக்குள் இறங்கும். டிஷ்யூ எதற்கு என்றால், மூடியில் சேரும் நீர் பிஸ்கட் மேல் சொட்டாமல் இருக்க.

சுட்ட அன்றே தின்ன ஆசை வரும்தான். ஆனால் மறுநாள் காலை பிஸ்கட்டுக்கு ஈடே இல்லை என்பேன். விரலால் அழுத்தினால் பன் மாதிரி அமுங்கி எழும்புகிறது, உதிர்வதே இல்லை.

அத்தி விலை அதிகமென்றால் பேரீச்சம்பழம் போடுங்கள், எலுமிச்சை மட்டும் இரட்டிப்பாக. பலாப்பழத்தில் யாராவது செய்து பார்த்தீர்களா? பூரணம் எந்தப் பதத்தில் நின்றது என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே சுடுகிறேன்.