உங்கள் ஊர் 'ஏ'-வா, 'பி'-யா, 'சி'-யா?

[திரையில்: நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு விலக்கு ரோடு. வேப்பமரம், அடிபம்பு, பெயர் அழிந்த ஊர்ப் பலகை.]

வணக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணையில் உங்கள் ஊரைத் தேடினால் ஒரு வரி கிடைக்கும். எத்தனை பேர், எத்தனை வீடு, 6 வயது வரை எத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடம், தபால் நிலையம், ரயில், பஸ், தார்ச்சாலை என்று நீளும் வரி அது. ஒரு வசதி ஊரில் இல்லையென்றால் அங்கே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 5 கிலோமீட்டருக்குள் கிடைத்தால் ஏ. 5 முதல் 10 என்றால் பி. அதற்கு மேல் சி.

பஸ்ஸுக்கு நேரே இருக்கும் இந்த 'ஏ'-வில் கொஞ்சம் நிற்போம். விலக்கில் இறங்கி ஐந்து நிமிஷத்தில் வீடு சேரும் ஊருக்கும் ஏ, நாலரை கிலோமீட்டர் கருவேலங்காட்டைத் தாண்டி வரும் ஊருக்கும் அதே ஏ. ஏழாவது படிக்கும் பிள்ளை புத்தகப்பையோடு அந்த நாலரையை நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் பிடித்து வந்து, இந்த அடிபம்பில் சேற்றைக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறும். அட்டவணை இதைச் சொல்லாது.

[திரையில்: ஒரு வரைபடம். இரண்டு குடியிருப்புகள், நடுவே வயல்.]

சரி, ரோடு எப்படி வருகிறது? 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேராவது இருக்கும் குடியிருப்பை எடுத்துக்கொள்கிறது. மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 போதும். கவனியுங்கள், அது எண்ணுவது அரசுப் பதிவில் ஒரே ஊராக இருக்கும் வருவாய் கிராமத்தை அல்ல, வீடுகள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு குடியிருப்பையும் தனியாக.

உதாரணத்துக்கு ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். மொத்தம் 640 பேர். கணக்கெடுப்பில் ஒரே கிராமம். ஆனால் மேலத்தெருவில் 410 பேர், 700 மீட்டர் தள்ளி உள்ள காலனியில் 230 பேர். சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைத்தான் ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது விதி. அதற்கு மேல் இருக்கும் 200 மீட்டர் வயல், ஊரை இரண்டாக்கிவிட்டது. இரண்டுமே 500-ஐத் தொடவில்லை. 640 பேரும் இருக்கிறார்கள், இந்தத் திட்டத்தில் ரோடு இல்லை. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

இன்னொன்று. 2024-இல் ஒப்புதல் பெற்ற இதன் நான்காம் கட்டமும் 2011-இன் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. அன்று 6 வயதாக இருந்த பிள்ளை இன்று கல்லூரிக்குப் போகும் வயதைத் தொட்டாயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்குக் குறித்த தேதி 2027 மார்ச் 1.

[திரையில்: அதிகாலை இருட்டு. விளக்கெரியும் ஹால்ட் பஸ், கூரையில் கீரைக்கட்டு.]

ரோடு வந்துவிட்டது. அப்புறம் பஸ்? அட்டவணை கேட்பது 'உண்டா, இல்லையா', இல்லையென்றால் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரே டிரிப் வந்தாலும் 'உண்டு'. ஆனால் ஊருக்குள் முக்கியமான கேள்வி, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான். ராத்திரி ஊரில் தங்கி விடியலில் கிளம்பும் ஹால்ட் பஸ் இருந்தால் கீரையும் பூவும் சந்தை கூடுவதற்குள் போய்ச் சேரும். சாயங்காலம் ஆறோடு வண்டி நின்றுவிட்டால், டவுனில் ஜவுளிக்கடை வேலைக்கு ஊரிலிருந்தே போய்வர முடியாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். பெரிய உதவி அது, வண்டி வரும் ஊருக்கு. வராத ஊர்களை எட்டத்தான் 1997-இல் மினி பஸ் வந்தது. 2025 ஜூனில் அதைப் புதிதாக விரிவாக்கினார்கள்.

கிராம சபையில் மனு கொடுக்கும்போது 'பஸ் வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், வீட்டிலிருந்து விலக்கு எத்தனை கிலோமீட்டர், காலை எத்தனை மணிக்கு வண்டி வேண்டும், திரும்ப எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். தெருவையும் காலனியையும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள்.