எண்ணெய் அள்ள எங்கள் ஊர் ஆள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கிராமத் தலைவர் ஐயா அவர்களே, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைகுப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர்க்குப்பம் எனப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியப் பெருமக்களே, மகளிர் குழுத் தலைவிகளே, பந்தலும் மைக்கும் தந்து உதவிய கோயில் நிர்வாகத்தாரே, இன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் மீனவச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். பொன்னாடை போட்டீர்கள், நன்றி. அடுத்த கூட்டத்தில் அந்தக் காசுக்கு எண்ணெய் புகாத நைட்ரைல் கையுறை வாங்கி வையுங்கள்.

எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்வதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று பயிற்சி, இரண்டு வேலை, மூன்று அந்த வேலையைச் செய்கிறவர்களின் உடம்பு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எண்ணெய்க் கசிவு வந்தால் யார் என்ன செய்வது என்பதற்குத் தேசியத் திட்டமே இருக்கிறது. கடலில் சிந்தினால் கடலோரக் காவல்படை பொறுப்பு. எல்லாம் ஏட்டில் சரியாக இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்குள் வந்தபோது, குவளையோடும் வெறுங்கையோடும் படகில் ஏறி அள்ளியவர்கள் யார்? நீங்கள்தானே!

அதற்கு ஏறக்குறைய ஏழு வருடம் முன்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் கறுப்பு. உடனே 'சூப்பர் சக்கர்' லாரிகள் வந்தன. சாக்கடை உறிஞ்சுகிற லாரி. சென்னை முழுக்க உறிஞ்சிய லாரி. குழாயை இறக்கினார்கள், மோட்டாரை முடுக்கினார்கள், இரைச்சல் வந்தது, எண்ணெய் வரவில்லை. வந்தாலும் தண்ணீர்தான் கூட வந்தது. ஊரே நின்று பார்க்கிறது. லாரி மூச்சு வாங்குகிறது! கடைசியில் என்ன ஆயிற்று? பிளாஸ்டிக் வாளி. மாணவர்கள், தன்னார்வலர்கள், மீனவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய இயந்திரத்தை வாளி ஜெயித்தது. பத்திரிகைகளில் படமும் வந்தது. நாம் எல்லோரும் கைதட்டினோம். கைதட்டியிருக்கக் கூடாது.

லாரி ஏன் தோற்றது? சிந்தியது கப்பல் எரிபொருள், கனத்த எண்ணெய். அலை அதைக் கடைந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கெட்டித் தயிர்போல் ஆகி, பருமன் மூன்று, நான்கு மடங்கு கூடும். அதோடு மணல், பாசி, பிளாஸ்டிக் பை. நீளமான குறுகிய குழாயில் அது ஏறாது. குழாயின் நீளத்தைக் குறைத்து விட்டத்தைக் கூட்ட வேண்டும். குழாய் வாயில் வலைக்கூடை கட்டிக் குப்பையைத் தடுக்க வேண்டும். தொட்டியில் சூடேற்ற வழி வேண்டும். கனத்த கூழைத் தள்ளும் பம்பு வேண்டும். இது தெரிந்த ஒரு ஆள் கரையில் நின்றிருந்தால் போதும்.

அந்த ஆள் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும் என்கிறேன். ஏனென்றால் இந்த வேலையில் பாதி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். 'பூம்' என்கிற மிதவைத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் நொடிக்கு 0.35 மீட்டருக்கு மேல் ஓடும் தண்ணீரில் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். கரையில் 10 மீட்டர் அளந்து ஒரு தேங்காய் மட்டையை மிதக்க விடுங்கள். 28 நொடிக்குள் கடந்தால் நேர்குறுக்கே கட்டக் கூடாது என்று அர்த்தம். ஓட்டம் 1 நாட், அதாவது நொடிக்குச் சுமார் அரை மீட்டர் என்றால் ஓட்டத்திசைக்கு 45 பாகை சாய்க்க வேண்டும். 2 நாட் என்றால் 20 பாகைதான். சாய்த்துக் கட்டினால் எண்ணெய் தானே ஒரு கரைக்கு ஒதுங்கும்; அங்கே குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அள்ளலாம். ஏற்றம் வற்றமாகி ஓட்டம் திரும்பும்போது நங்கூரத்தை மாற்றிப் போட வேண்டும். முகத்துவாரத்தில் அது எப்போது திரும்பும் என்று வெளியூர் ஒப்பந்தக்காரருக்குத் தெரியுமா?

தெரியாத பாதியைத்தான் கற்க வேண்டும். புது எண்ணெயிலிருந்து பென்சீன் என்கிற நச்சு ஆவி வரும். முகத்தில் கட்டிய துண்டும் தூசி முகக்கவசமும் அதைத் தடுக்காது. இந்த மாதிரிக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டிக் குப்பி பொருத்திய கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது, ஓரத்தில் கசியும். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். படகு இறங்குமுன் மீட்டரில் காற்றைப் பார்க்க வேண்டும்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தீப்பற்றும் ஆவி, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கை கழுவ மண்ணெண்ணெய், பெட்ரோல் தொடவே கூடாது. தோல் வழியாக இன்னும் உள்ளே போகும். தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு. கண்டல், அதாவது அலையாத்தி மர வேருக்குள் இறங்கி மிதித்தால் எண்ணெய் சேற்றுக்குள் புதைந்து, வருடக்கணக்கில் கசியும். பலகை போட்டு நின்று, அதே ஆற்றுத் தண்ணீரை மெதுவாக அடித்து வெளியே வரவழைக்க வேண்டும். டிரம்மை முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்கும்போது தளும்பும். அள்ளியதெல்லாம் அபாயக் கழிவு. சீட்டு ஒட்டி, கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படிவம் 10 எழுதித்தான் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்குப் போக வேண்டும். கையுறை எல்லாம் பெரிய ஆண் கை அளவில் வருகிறது. இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் அதைப் போட்டால் மணிக்கட்டில் இடைவெளி விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். அளவு கேட்டு வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு 40 மணி நேரப் பயிற்சி, மேற்பார்வையில் 3 நாள் களவேலை, வருடம் ஒருமுறை 8 மணி நேரப் புதுப்பிப்பு என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். 1998 முதல் அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகமை, மாசுபட்ட நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைகளுக்கு, வேலையில்லாதவர்களுக்கு, இந்தப் பயிற்சிக்கென்றே பணம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம், எத்தனை பேர் படித்தார்கள் என்பதோடு விடுவதில்லை. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றும் கணக்குக் கேட்கிறார்கள். இங்கே ஒரு வாரம் வகுப்பு, ஒரு தேநீர், ஒரு குழுப்படம், ஒரு சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே இரண்டாவது விஷயத்தை ஒரே கோரிக்கையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மேடையிலும் இதைத்தான் சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள். ஆற்றில், கால்வாயில், குப்பைமேட்டில், எங்கே சுத்திகரிப்பு டெண்டர் போட்டாலும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்: பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களுக்கே முதல் வேலை, கூலி நிவாரணக் கணக்கில் அல்ல, ஒப்பந்தக் கணக்கில். பூமும் கவசமும் கையுறையும் நகரத்துக் கிடங்கில் அல்ல, குப்பத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட வேண்டும். சாவி இரண்டு பேரிடம். கசிவு இல்லாத மாதங்களிலும் பயிற்சி நாளுக்குக் கூலி. இல்லாவிட்டால் பிள்ளைகள் கற்றதை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் இதே வரிதான், அது தனிப் பேச்சு.

தலைவர் ஐயா மணியடித்துவிட்டார். உடம்பைப் பற்றிப் பேச நேரமில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை செய்து, சீட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பந்தல் வாசலில் கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் கையுறை அளவு, பூட்ஸ் அளவு என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறோம். பெண்கள் அதைக் காலியாக விடாமல் நிரப்பிக் கொடுங்கள். வணக்கம்.