இடிபட்ட இரண்டு தெருக்கள்

நேயர்களுக்கு வணக்கம். ரோமுக்குத் திருயாத்திரை போய் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த அகலமான சாலையைப் பற்றிச் சொல்வார்கள். ஆற்றுப்பக்கம் நின்று பார்த்தாலே புனித பேதுரு பெருங்கோவில் நேர் எதிரே தெரியும். ஏதோ பழங்காலச் சாலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

முன்பு அங்கே இரண்டு ஒடுக்கமான தெருக்கள் இருந்தன. ஒன்று போர்கோ வெக்கியோ, பழைய தெரு. இன்னொன்று போர்கோ நுவோவோ, புதிய தெரு. புதியது என்றாலும், 1500ஆம் ஆண்டு யூபிலிக்கு, அதாவது திருச்சபையின் புனித ஆண்டுக்கு, வரும் கூட்டத்துக்காகத் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் போட்டது அது. ஓவியர் ரஃபேல் 1520இல் கண்மூடியது அந்தத் தெருவில் இருந்த தம் வீட்டில்தான். இரு தெருக்களுக்கும் நடுவே முதுகெலும்பு போல நீளமாக வீடுகள். அந்த வரிசையை ‘ஸ்பினா’ என்பார்கள்.

1656இல் சிற்பியும் கட்டடக்கலைஞருமான பெர்னினி கோவில் சதுக்கத்தைக் கட்டத் தொடங்கியபோதும் இந்தத் தெருக்கள் இருந்தன. வெளிச்சம் குறைந்த சந்தில் தோளோடு தோள் உரச வந்த யாத்திரிகர், கடைசி வீட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் திறந்த வானம், இரு பக்கமும் வளைந்து நிற்கும் 284 தூண்கள், நடுவில் கோவில்! அந்தத் திகைப்பை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1929இல் இத்தாலி அரசுக்கும் திருத்தந்தையின் ஆட்சிப்பீடமான திருப்பீடத்துக்கும் இடையே இருந்த நெடுநாள் பிணக்கைத் தீர்த்து இலாத்தரன் ஒப்பந்தம் ஆனது. அதன் நினைவாகச் சாலை போட 1936 அக்டோபரில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியே குந்தாலியை எடுத்து இடிப்பைத் தொடங்கிவைத்தார். ஒரு வருடத்துக்குள் ஸ்பினா தரைமட்டம். தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்கள் ஊர் ஓரத்துக்குப் போனார்கள். எனக்கு இதுதான் ஆறவில்லை. சாலைக்கு ‘ஒப்புரவு வீதி’ என்று பெயர். அவர்களை யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்தது 1950 யூபிலிக்கு. ஓரங்களில் கூர்நுனித் தூண் (ஒபெலிஸ்க்) வடிவ விளக்குக் கம்பங்களை நட்டார்கள். இரு பக்கக் கட்டடங்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவில்லை, அதை மறைக்கத்தான்.

சரி, நீங்கள் ரோமுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். பெரிய சாலையை விட்டுவிட்டு, வடக்கே உள்ள போர்கோ பியோ என்ற பழைய தெரு வழியாக நடங்கள். அது இடிபடாமல் தப்பியது. தெரு முடிந்ததும் இடப்பக்கம் திரும்பி, தூண்களுக்கு இடையே உள்ளே போங்கள்.