அலியா உசிக்கா? முதலில் எத்தனை ரவுண்டு என்று சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், வீட்டில் சாந்தி கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். வளவு முழுக்க சொந்தக்காரர்கள். கேமராவை வைக்கத் திண்ணைதான் கிடைத்தது.

நேற்றுப் பந்தியில் ஒரு சண்டை. அந்தக் காலத்து பாக்ஸர் பெரியவரா, இந்தக் காலத்து பாக்ஸரா என்று. அதனால்தான் இன்றைக்கு இந்தக் கேள்வி: முகமது அலியும் இந்தக் காலத்து உக்ரைன் ஹெவிவெயிட் உசிக்கும் மோதினால் யார் ஜெயிப்பார்? எங்கள் அம்மான் 1980இல் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் முகமது அலி மெட்ராஸ் வந்து, நேரு விளையாட்டரங்கத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதை நேரில் பார்த்தவரிடம் போய் இன்றைய பாக்ஸர்களைப் பற்றிப் பேச முடியுமா? அவர் மகன் பேசினான், இந்தக் காலத்து பிரிட்டன்காரர் டைசன் ஃப்யூரியையும் 1950களின் சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் வைத்து. "அப்பச்சி, டைசன் ஃப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம். நீங்க சொல்ற மார்சியானோ அவன் தோளுக்குத்தான் வருவாரு" என்றான். அம்மான் இலையில் வெள்ளைப் பணியாரத்தை அப்படியே வைத்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள்!

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். "இதெல்லாம் ஒரு மாடா? எங்க காலத்து மாட்டைப் பார்த்திருக்கணும்" என்று சொல்ல ஒரு பெரியவர் அங்கே கட்டாயம் இருப்பார். அந்தக் காலத்து மாட்டைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட முடியாது என்பது அவருக்கு ரொம்ப வசதி.

ஆனால் பாக்ஸிங்கில் அப்படி அவிழ்த்துவிடவே பார்த்திருக்கிறார்கள். மயாமியைச் சேர்ந்த மர்ரி வரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், 1967இல் பழைய சாம்பியன்களின் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றுவிட்டதாக முடிவு வந்தது. அலி கோபப்பட்டு வழக்கே போட்டார். அப்புறம் சமாதானமாகி, 1969இல் அலியையும் ராக்கி மார்சியானோவையும் நிஜமாகவே ரிங்கில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அலிக்கு அப்போது பட்டமும் இல்லை, உரிமமும் இல்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பறித்துவிட்டார்கள். மார்சியானோ ஓய்வுபெற்றுப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். யார் ஜெயித்தார் என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியக்கூடாது என்று பல விதமாக முடிவுகளை எடுத்து வைத்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் மார்சியானோ 13ஆவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்! ஊருக்கு ஒரு தீர்ப்பு. பாவம், மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31ஆம் தேதி, 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், விமான விபத்தில் போய்விட்டார்.

சரி, அம்மான் மகனின் உயரக் கணக்குக்கு வருவோம். மார்சியானோ சாம்பியனாக இருந்தபோது எடை சுமார் 84 கிலோ. இன்றைக்கு அவர் ஹெவிவெயிட் என்ற உச்ச எடைப் பிரிவிலேயே இல்லை, ஒரு படி கீழே க்ரூஸர்வெயிட். ஆனால் எடை மட்டும்தான் எல்லாம் என்றால் 1919இல் ஜாக் டெம்ப்ஸி எப்படி ஜெயித்தார்? அவர் 85 கிலோ, எதிரில் நின்ற ஜெஸ் வில்லர்ட் 111 கிலோ. முதல் ரவுண்டிலேயே வில்லர்ட் ஏழு தடவை விழுந்தார். உடனே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு விழுந்தவர் எழுந்திருக்கும்வரை தலைமாட்டிலேயே நின்று, எழுந்த உடனே அடிக்கலாம். இன்றைக்கு ஒதுங்கிப் போய் மூலையில் நிற்க வேண்டும். அப்புறம் 2024 மே மாதம் ரியாத்தில் என்ன நடந்தது? உசிக் 101 கிலோ, ஃப்யூரி 119 கிலோ. ஜெயித்தது உசிக். டிசம்பரில் ஃப்யூரி இன்னும் எட்டு கிலோ கூட்டிக்கொண்டு வந்தும் உசிக்தான். ஆக, உயரத்தை வைத்து அம்மானின் வாயை அடைக்க முடியாது.

ஆனால் அம்மானின் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது ரவுண்டு. அந்தக் காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982 நவம்பரில் கொரியாவின் கிம் டுக்-கூ 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதற்கு அப்புறம் பட்டம் கொடுக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12 ரவுண்டுக்கு இறங்கின. மூன்று ரவுண்டுதானே என்று நினைக்கிறீர்களா?

1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்ஸி ஜோ வால்காட், எதிரில் மார்சியானோ. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ விழுந்து எழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் வால்காட்தான் முன்னால். 13ஆவது ரவுண்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வால்காட் பின்வாங்கிக் கயிற்றோரம் வருகிறார். மார்சியானோவின் வலது கை போன தூரம் ஒரு சாண் இருக்குமா என்பதே சந்தேகம். தாடையில் பட்டதும் வால்காட் சட்டென்று விழவில்லை. ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மெல்ல மெல்ல இறங்கி மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடுகிறது. 49 சண்டை, ஒரு தோல்விகூட இல்லை என்ற மார்சியானோவின் புகழ்பெற்ற 49-0 கணக்கு இந்தப் 13ஆவது ரவுண்டில்தான் பிழைத்தது. இன்றைய விதியில் அன்றைக்கே மார்சியானோ தோற்று வீட்டுக்குப் போயிருப்பார்.

1941இல் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸும் அப்படித்தான். எதிரில் 80 கிலோகூட இல்லாத பில்லி கான். 12 ரவுண்டு முடிவில் இரண்டு பேர் கானுக்கு முன்னிலை கொடுத்திருந்தார்கள், ஒருவர் சமம் என்றார். 13இல் கான் நாக் அவுட் ஆனார். இன்றைய விதிப்படி அன்றைக்கு உலகச் சாம்பியன் கான்தான்!

எடை போடுவதும் மாறிவிட்டது. முன்பு போட்டி நாளன்றே தராசு. இப்போது முந்தின நாளே எடை போட்டுவிடுகிறார்கள். ஒரு ராத்திரியில் தண்ணீரும் சாப்பாடுமாக ஐந்து கிலோவுக்கு மேல்கூட ஏறிவிடும். அதனால் அன்றைய 66 கிலோவும் இன்றைய 66 கிலோவும் ரிங்கில் ஒன்று இல்லை. 1940களின் சுகர் ரே ராபின்சனை இன்றைய வெல்டர்வெயிட்டோடு, அதாவது அந்த 66 கிலோப் பிரிவு பாக்ஸரோடு, ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ராபின்சன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1943 பிப்ரவரியில் மட்டும் அவர் மூன்று சண்டை போட்டார். 5ஆம் தேதி ஜேக் லாமோட்டாவிடம் முதல் தோல்வி. 19ஆம் தேதி ஜாக்கி வில்சனுடன் வெற்றி. 26ஆம் தேதி மறுபடியும் அதே லாமோட்டா, பழி தீர்த்தாயிற்று. இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறினால் பெரிய விஷயம். ஃப்ளாய்ட் மேவெதர் 21 வருஷத்தில் 50 சண்டை, ராபின்சன் 25 வருஷத்தில் சுமார் 200. எதிராளிகளில் பலர் சுமாரானவர்கள்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அத்தனை தடவை ரிங்கில் ஏறி வந்த கண்ணும் காலும் எந்த ஜிம்மிலும் கிடைக்காது.

"அந்தக் காலத்துச் சாம்பியன்தான் அந்தக் காலத்திலேயே சிறந்தவர்" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஹாரி வில்ஸ் என்ற கறுப்பினத்தவருக்கு டெம்ப்ஸியோடு மோத ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கவில்லை. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் தொழில்முறைப் பாக்ஸிங்குக்கே வரவில்லை.

சரி, அலியா உசிக்கா? நான் எடுத்துக்கொள்வது 1966இன் அலி, பட்டம் பறிபோவதற்கு முந்தின அலி. அந்தக் கால்களை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் அதே வருஷம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடதுகைக்காரர் அலியைப் படுத்திய பாட்டைப் பாருங்கள். முடிக்க 12ஆவது ரவுண்டு வரை ஆயிற்று. உசிக்கும் இடதுகைக்காரர், மில்டன்பெர்கரைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். 12 ரவுண்டு என்றால் என் ஓட்டு உசிக்குக்கு, ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில். 15 என்றால் அலி. அம்மான் இருக்கிற வீட்டில் இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த வீடியோவில் ராபின்சனையும் இந்தக் காலத்து அமெரிக்க பாக்ஸர் டெரன்ஸ் க்ராஃபோர்டையும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் 1951 பிப்ரவரியில் ராபின்சனும் லாமோட்டாவும் மோதியதைப் பார்த்துவிடுங்கள். நேரம் இல்லை என்றால் 13ஆவது ரவுண்டு மட்டுமாவது. பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், வரட்டுமா?