பீப்பாய்க்காரர் ஜான் ஆல்டன்

அனைவருக்கும் வணக்கம்.

1620-ல் மேஃப்ளவர் கப்பல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது அதில் 102 பயணிகள். மத நம்பிக்கைக்காக ஊரை விட்டுப் போனவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றிப் படித்திருப்போம். நான் பேச வந்தது அந்த வகையில் சேராத ஓர் இளைஞரைப் பற்றி. ஜான் ஆல்டன். வயது இருபதை ஒட்டி. சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்த பீப்பாய்த் தொழிலாளி.

பீப்பாய்தானே என்று நினைத்துவிட வேண்டாம். குடிக்கிற பீர், உப்பிட்ட இறைச்சி எல்லாம் அதற்குள்தான். ஓக் பலகைகளை நடுவில் அகலமாகவும் இரண்டு முனையிலும் ஒடுக்கமாகவும் சீவ வேண்டும். வட்டமாக நிறுத்தி, உள்ளே நெருப்பு மூட்டி, சூட்டோடு சூடாக வளைத்து, வளையம் அடித்து இறுக்க வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஓரம் நூலளவு பிசகினாலும் ஒழுகிவிடும். நடுக்கடலில் ஒழுகினால் என்ன ஆகும்?

அவர்கள் குடியேறிய இடத்தை பிளிமத் என்று அழைத்தார்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: பட்டுக்செட். அமெரிக்கப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளை நோயில் ஊரே காலியாகிவிட்டது. அந்த வெற்று நிலத்தில்தான் இவர்கள் குடியேறினார்கள். இதைச் சொல்லாமல் ஆல்டனின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே வந்தவர்களில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். டார்க்கிங் ஊர்க் காலணி வியாபாரி வில்லியம் முல்லின்ஸ் 21 டஜன் காலணிகளும் 13 ஜோடி பூட்ஸும் கொண்டுவந்திருந்தார். சாகும் தறுவாயில் சொல்லி எழுதவைத்த உயிலில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. மனைவியும் மகனும் வேலையாளும்கூடப் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இங்கே மிஞ்சியது மகள் பிரிசில்லா ஒருத்திதான்.

1621 ஏப்ரலில் கப்பல் ஊர் திரும்பியது. போகலாம், இருக்கலாம், ஆல்டனின் விருப்பம் என்று விட்டிருந்ததாக பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதியிருக்கிறார். ஆல்டன் போகவில்லை. ஓரிரு ஆண்டுகளில் பிரிசில்லாவை மணந்தார். பீப்பாய்க்காரருக்கும் காலணிக்காரர் மகளுக்கும் பத்துப் பிள்ளைகள். மகள் ரூத்தின் வழியில் வந்தவர்தான் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ்.

மூத்த மகன் ஜான் கடலோடி. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் அவர்மீது சூனியக்காரர் என்று பழி போட்டார்கள். குற்றம் சாட்டிய சிறுமி முதலில் கை நீட்டியது வேறொருவரை நோக்கி. பின்னால் நின்றவர் குனிந்து காதில் ஏதோ சொன்ன பிறகுதான் ஆல்டன் பெயர் அவள் வாயில் வந்ததாம். மகன் தன் வாக்குமூலத்தில் சொன்னது இது. சிறையிலிருந்து தப்பி ஓடி, அப்புறம் அடுத்த ஆண்டு விடுதலையானார்.

அப்பா இதைப் பார்க்க இல்லை. 1687-ல் காலமாகியிருந்தார். புது ஊரில் தங்களைத் தாங்களே ஆள்வதற்காகப் பயணிகள் எழுதிக்கொண்ட மேஃப்ளவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 41 பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான்.

பிளிமத்துக்கு அருகே டக்ஸ்பரியில் அவர் கட்டிய முதல் வீட்டின் அடித்தளத்தை 1960-ல் தோண்டி எடுத்தார்கள். நீளம் ஏறக்குறைய 38 அடி. அகலம் பத்தடிக்குச் சற்றுதான் மேல்.