கடைசி வரியை வெட்டாதீர்கள்

(இதழியல் மாணவர் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பணி நெருக்கடிக்கு இடையிலும் வந்து வாழ்த்துரை வழங்கிய துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பத்திரிகையாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'உலகச் செய்தி யார் கையில்?' என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்றைப் பற்றிப் பேச வேண்டும்: செய்தி நிறுவனங்கள் உலகைப் பங்கு போட்டது, ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவில் நடந்த போராட்டம், நம் பத்திரிகை அலுவலகங்களின் செய்தி மேசையில் நடக்கும் பிழை.

1870-இல் ராய்ட்டர், அவாஸ், வோல்ஃப் என்ற மூன்று ஐரோப்பிய செய்தி நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு, செய்தி சேகரித்து விற்க உலகைப் பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசு ராய்ட்டருக்குப் போனது. 1947-இல் நம் சென்னையில் பதிவான இந்தியச் செய்தி நிறுவனம் பி.டி.ஐ., 1949-இல்தான் ராய்ட்டரின் இந்தியக் கிளையிடமிருந்து பணியை ஏற்றது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள் நம் பாட்டிமார். செய்தியில் நாம் வெகுகாலம் இரவல் சேலைதான் உடுத்தியிருந்தோம்.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். 1984 மார்ச்சிலேயே அந்நாட்டு நிவாரண ஆணையம் கொடை நாடுகளிடம் பஞ்சம் வருகிறது என்று முறையிட்டது. போதிய உதவி வரவில்லை. செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை ஆடம்பரமாகக் கொண்டாடிய அந்நாட்டு அரசுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. அக்டோபர் 23 அன்று அந்நாட்டின் கோரெம் பஞ்ச நிவாரண முகாமின் காட்சிகளை பிபிசி ஒளிபரப்பியது. விடியற்குளிரில் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடந்த கூட்டம், எலும்பும் தோலுமான குழந்தைகள். அதற்குப் பிறகுதான் உலகம் எழுந்தது. அடுத்த ஜூலையில் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்ட லைவ் எய்டு இசை நிகழ்ச்சியே நடந்தது. அந்த பிபிசி செய்திக்குக் குரல் கொடுத்தவர் அதன் நிருபர் மைக்கேல் பர்க். அந்தக் காட்சிகளைப் படம் பிடித்தவரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நைரோபியில் பிறந்த முகமது அமீன்! மார்ச்சிலும் அதே பசிதான் ஐயா. லண்டன் திரையில் வந்த பிறகுதான் அது செய்தியானது.

உலகச் செய்தி ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த யுனெஸ்கோவின் மக்பிரைடு ஆணையம் 1980-இல் அறிக்கை தந்தது, அந்தப் பூசலுக்கு நடுவே 1984 இறுதியில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது. அதை விரிக்க இன்று நேரமில்லை. மேற்கத்திய நிறுவனங்களுக்கு மாற்றாக 1975-இல் தொடங்கிய அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டமைப்பு ஏன் எடுபடவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்நாடுகளின் அரசு செய்தி நிறுவனங்கள் அமைச்சர் உரைகளையே அனுப்பின. எந்தப் பத்திரிகை ஆசிரியர் அச்சிடுவார்?

நம் மேசைக்கு வருகிறேன். ஏஜென்சி செய்தி அறுநூறு சொல் வரும், பக்கத்தில் இடமோ நூற்றைம்பது. முக்கியமானது மேலே இருக்கும் என்பதால் உதவி ஆசிரியர் அடியிலிருந்து வெட்டுகிறார். உள்ளூர் நிருபரின் பெயரோ பெரும்பாலும் அடியில், கடைசி வரியில்தான் இருக்கும். முதலில் போவது அதுதான். சூடான் போர்ச் செய்தியில் எங்கிருந்து எழுதப்பட்டது என்று காட்டும் கெய்ரோ, நைரோபி என்ற இடக்குறிப்பும் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிட்டால், நிருபர் சூடான் தலைநகர் கார்ட்டூமில் நின்று எழுதியதாகவே வாசகர் நம்புவார். இரவல் சேலைதான் என்றாலும் யார் நெய்தது என்றாவது சொல்ல வேண்டாமா?

வெட்டாமல் விட வேண்டிய அந்தக் கடைசி வரி இதுதான்: 'கூடுதல் தகவல்: இன்னார், இன்ன ஊர்.' ஒரு பத்தி அகலத்தில் ஒரே வரி. இதையும் இடக்குறிப்பையும் கட்டாயமாக்கச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியப் பெருமக்கள் முதலில் கையெழுத்திட்டு, பிறகு தேநீருக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.