ஜூடோல வணக்கம் யார் யாருக்கு வைக்கணும்? மாணவன் மட்டுமா, வாத்தியாருமா?

வணக்கம் மக்களே. 2021 ஜூலை மாசம், டோக்கியோ ஒலிம்பிக்ஸ், ஜூடோ நடக்குற நிப்பான் புடோகான் அரங்கம். ஜெர்மனி வீராங்கனை மார்ட்டினா ட்ராய்டோஸ் போட்டி நடக்குற மேட் மேல ஏறறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அவங்க கோச் என்ன பண்ணாருன்னா, அவங்க ஜாக்கெட் காலர ரெண்டு கையாலயும் புடிச்சு நல்லா உலுக்கிட்டு, இந்தக் கன்னத்துல ஒன்னு அந்தக் கன்னத்துல ஒன்னுன்னு அறைஞ்சாரு. எல்லாம் கேமரால பதிவாயிடுச்சு. சோஷியல் மீடியால ஒரே கொந்தளிப்பு. அப்புறம் ட்ராய்டோஸே வந்து, யாரும் அவரத் திட்டாதீங்க, மேட்ச்சுக்கு முன்னாடி எனக்கு இது தேவைப்படுது, நான்தான் அவர இப்படி செய்யச் சொன்னேன்னு விளக்கம் குடுத்தாங்க. சர்வதேச ஜூடோ சம்மேளனம் அத ஏத்துக்கல, கோச்சுக்குக் கடுமையான எச்சரிக்கை குடுத்துச்சு.

மாணவியே ஒத்துக்கிட்டாங்கள்ல, அப்புறம் என்ன பிரச்சனைன்னு நிறைய பேர் கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா ஜூடோல இந்த மரியாதைங்கற விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் உள்ள போய்ப் பாக்கணும், இந்த வீடியோ முழுக்க அதுதான்.

(திரையில்: ரெண்டு வீரர்கள் மேட் ஓரத்துல நிக்குறாங்க)

மொதல்ல போட்டி. வீரர் மேட் ஓரத்துல வந்து நின்னு தலை குனியணும், நடுவுக்குப் போய் எதிராளிக்கு ஒரு தடவ குனியணும், அதுக்கப்புறம்தான் நடுவர் "ஹாஜிமே"ன்னு சொல்வாரு, அதாவது ஆரம்பிங்கன்னு. மேட்ச் முடிஞ்ச உடனே ஜெயிச்சவர் துள்ளிக் குதிச்சுட்டு ஓடிட முடியாது. கசங்கி வெளிய வந்த ஜாக்கெட்ட பெல்ட்டுக்குள்ள சரியா சொருகிட்டு, தன்னோட இடத்துக்கு வந்து நிக்கணும், நடுவர் யாரு ஜெயிச்சதுன்னு கை காட்டணும், அப்புறம் ரெண்டு பேரும் மறுபடி குனியணும். இது விருப்பப்பட்டா செய்யற விஷயம் இல்ல, ரூல் புக்ல இருக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல எகிப்து வீரர் இஸ்லாம் எல் ஷெஹாபி, இஸ்ரேல் வீரர் ஓர் சாசோன்கிட்ட தோத்தப்புறம் அவர் நீட்டுன கையப் புடிக்காம திரும்பிப் போனாரு. நடுவர் அவரக் கூப்பிட்டு நிறுத்தினாரு, ஆனா கை குடுன்னு சொல்றதுக்காக இல்ல, குனிஞ்சுட்டுப் போன்னு சொல்றதுக்காக. கை குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, தலை குனியறது கட்டாயம். அவரு பேருக்கு லேசா தலைய அசைச்சுட்டுப் போனாரு, அவரோட நாட்டு ஒலிம்பிக் கமிட்டியே அவர ஊருக்குத் திருப்பி அனுப்பிடுச்சு.

அதே ரியோல ஜப்பான் வீரர் ஓனோ ஷோஹெய் 73 கிலோ பிரிவுல தங்கம் ஜெயிச்சாரு. ஃபைனல் முடிஞ்சதும் அவர் முகத்துல ஒரு சிரிப்பு கூட இல்ல, ட்ரெஸ்ஸ சரி பண்ணி, குனிஞ்சு, அமைதியா இறங்கிப் போயிட்டாரு. எதிர்ல ஒரு ஆள் நின்னுதான் இந்த விளையாட்டே, அவர் முன்னாடி ஆட்டம் போடக்கூடாதுங்கறது அவரோட எண்ணம். எனக்கு அந்த வீடியோவ எத்தன தடவ பாத்தாலும் அலுக்காது.

இது போட்டியில. க்ளாஸ்ல நடக்கறது வேற, எனக்கு அதுதான் இன்னும் முக்கியம்னு தோணுது. க்ளாஸ் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மாணவங்க எல்லாரும் பெல்ட் வரிசைப்படி முட்டி போட்டு உக்காருவாங்க, எதிர்ல வாத்தியார், அவரும் முட்டி போட்டுத்தான் உக்காந்திருப்பாரு, சேர்ல கால் மேல கால் போட்டு இல்ல. மூத்த மாணவன் ஒருத்தன் "சென்செய் நி ரெய்"னு குரல் குடுப்பான், வாத்தியாருக்கு வணக்கம்னு அர்த்தம். எல்லாரும் ரெண்டு உள்ளங்கையும் தரையில ஊணிக் குனிவாங்க. நல்லா கவனிச்சுப் பாருங்க, அதே நேரத்துல வாத்தியாரும் கைய தரையில வச்சுக் குனியறாரு. வெள்ள பெல்ட் கட்டுன 7 வயசுப் புள்ளைக்கும் சேத்துத்தான் அந்த வணக்கம். நம்ம ஊர்ல கராத்தே க்ளாஸ்ல சேத்துவிட்ட புள்ளைங்க மாஸ்டர் மாஸ்டர்னு விழுந்து விழுந்து வணக்கம் வைக்கறதப் பாத்து பெத்தவங்க சந்தோஷப்படறோம், சரிதான், ஆனா மாஸ்டர் திருப்பி என்ன பண்றாருன்னு பாக்கறதே இல்ல.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னா, ஜூடோவ உருவாக்குன கானோ ஜிகோரோ அடிப்படையில ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1882ல டோக்கியோல எய்ஷோஜின்னு ஒரு கோயில்ல வாடகைக்கு இடம் புடிச்சு, 12 பாய் போட்ட ஒரு சின்ன அறையில கோடோகான்னு தன்னோட பள்ளிய ஆரம்பிச்சாரு. அப்ப அவருக்கு வயசு 21தான். பின்னாடி டோக்கியோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவரா ரொம்ப வருஷம் இருந்தாரு, 1909ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு ஆசியாவுல இருந்து போன முதல் உறுப்பினரும் அவர்தான்.

அவரோட வாழ்க்கையில ஒரு சம்பவம் இருக்கு, இந்த வீடியோவ நான் பண்றதுக்கே அதுதான் காரணம். கானோ பழைய ஜுஜுட்ஸு கலைகளத்தான் மொதல்ல கத்துக்கிட்டாரு. 1877ல ஃபுகுதா ஹாச்சினோசுகேங்கற ஆசான்கிட்ட சேந்தாரு, 2 வருஷத்துல ஆசான் இறந்துட்டாரு. அடுத்து இசோ மசாதோமோங்கற ஆசான், அவரும் கொஞ்ச காலத்துல இறந்துட்டாரு. மூணாவதா இகுபோ ட்சுனெதோஷி, கிதோ-ரியூங்கற பாணியோட ஆசான், வயசு அம்பதத் தாண்டியும் தூக்கி எறியறதுல பயங்கர கில்லாடி. கானோ சொந்தமா பள்ளி ஆரம்பிச்ச பிறகும் இவர்கிட்ட விடாம கத்துக்கிட்டேதான் இருந்தாரு, ஆசானும் கோயிலுக்கே வந்து கானோவோட மாணவங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு.

எப்பவும் பயிற்சியில கீழ விழறது கானோதான். 1885 வாக்குல ஒரு நாள் எல்லாம் தலைகீழா ஆயிடுச்சு. கானோ ஒரு தடவ ஆசானத் தூக்கிப் போட்டாரு, திரும்பவும் போட்டாரு, போட்டுக்கிட்டே இருந்தாரு, ஆசானால ஒரு தடவ கூட கானோவ விழ வைக்க முடியல. ஆசான் எந்திரிச்சு உக்காந்து, என்ன பண்ற நீன்னு கேட்டாரு. கானோ விளக்கினாரு: எதிராளி தள்ளுனா இழுக்கணும், இழுத்தா தள்ளணும், அவர் நிலை குலைஞ்ச அந்த நொடியில மட்டும்தான் தூக்கிப் போடணும், நிலை குலையாத ஆள எவ்வளவு பலம் போட்டாலும் தூக்க முடியாது. இன்னிக்கு உலகம் முழுக்க ஜூடோ க்ளாஸ்ல முதல் மாசமே சொல்லிக்குடுக்கற "குசுஷி" இதுதான். கேட்டுட்டு இகுபோ என்ன செஞ்சாருன்னா, நீ சொல்றது சரி, இனிமே உனக்கு நான் சொல்லிக்குடுக்க ஒன்னும் இல்லன்னு ஒத்துக்கிட்டு, கிதோ-ரியூவோட முழுத் தேர்ச்சிப் பட்டத்தையும், தன்கிட்ட இருந்த சுவடிகளையும் கானோகிட்ட ஒப்படைச்சாரு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மக்களே, வாழ்நாள் முழுக்க ஒரு கலைய வச்சுக்கிட்டு இருந்த மனுஷன், இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத ஒரு பையன்கிட்ட தோத்து, அதே எடத்துல எப்படிப் பண்ணேன்னு கேக்கறாரு. கோவப்படல, எனக்கே திருப்பிப் போடறியான்னு சொல்லல. குரு மரியாதைன்னு பேசும்போது நாம மாணவன் எப்படி நடந்துக்கணும்னுதான் எப்பவும் பேசறோம், இந்தப் பக்கத்தப் பேசறது ரொம்பக் கம்மி.

இதே மாதிரி இன்னொரு ஆசான் இருந்தாரு, அதிகம் பேருக்குத் தெரியாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லதான் ஜூடோ முதல் தடவயா ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு. எடை வரம்பு இல்லாத ஓப்பன் பிரிவு ஃபைனல் அக்டோபர் 23ஆம் தேதி, இதே புடோகான்ல. ஜப்பானோட கமினாகா அகியோவ நெதர்லாந்தோட ஆன்டன் ஹேசிங்க் கீழ போட்டு அமுக்கி ஜெயிச்சுட்டாரு, ஜப்பான் ரசிகர்கள் நிறைய பேர் அழுதுட்டாங்க. ஹேசிங்க் ஜெயிச்ச அந்த நொடியில ஒரு டச்சுக்காரர் சந்தோஷத்துல மேட்டுக்குள்ள ஓடி வந்தாரு. ஹேசிங்க் இன்னும் முழுசா எந்திரிக்கக் கூட இல்ல, அதுக்குள்ள கைய நீட்டி வராதேன்னு தடுத்து நிறுத்திட்டாரு. இன்னும் வணக்கம் முடியலயே. ஜப்பான்காரங்க இன்னிக்கு வரைக்கும் அந்தக் கையப் பத்தித்தான் பேசறாங்க. அந்த ஹேசிங்க்குக்கு வருஷக்கணக்கா பயிற்சி குடுத்தது யாருன்னா மிச்சிகாமி ஹகு, ஃப்ரான்ஸ்ல போய் செட்டில் ஆன ஒரு ஜப்பான் ஆசான். தன்னோட நாட்டு சாம்பியனயே தோக்கடிக்கற அளவுக்கு ஒரு வெளிநாட்டுக்காரன வளத்து விட்டாரு அவரு.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஜப்பான் வீரர் யமாஷிதா யசுஹிரோ, ரெண்டாவது மேட்ச்லயே வலது கெண்டைக்கால் சதை கிழிஞ்சு நொண்டிக்கிட்டே ஃபைனலுக்கு வந்தாரு, எதிர்ல எகிப்தோட முகமது ரஷ்வான். ரஷ்வான் அந்த அடிபட்ட கால வேணும்னே தாக்காம விட்டாருன்னு கதை உலகம் முழுக்கப் பரவுச்சு, மேட்ச் வீடியோவ அக்கு அக்கா பாத்தவங்க அப்படி ஒன்னும் இல்லன்னும் சொல்றாங்க, அந்த சண்டைக்குள்ள நான் போகல. மெடல் வாங்கும்போது நடந்தத யாரும் மறுக்க முடியாது. மேடை மேல ஏற முடியாம தடுமாறுன யமாஷிதாவுக்குக் கை குடுத்து ஏத்திவிட்டது அவர்கிட்ட தோத்த ரஷ்வான்தான்.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வரேன், இதச் சொல்லாம விட்டா இந்த வீடியோ பொய்யாயிடும். இவ்வளவு மரியாதை பேசற அதே ஜப்பான் ஜூடோலதான் 2013 ஜனவரி கடைசியில ஒரு பெரிய விஷயம் வெளிய வந்துச்சு. நாட்டோட டாப் வீராங்கனைகள் 15 பேர் சேந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பயிற்சி சமயத்துல ஹெட் கோச் எங்கள அறைஞ்சாரு, மூங்கில் கத்தியால அடிச்சாரு, கேவலமாத் திட்டுனாருன்னு ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டிக்குப் புகார் எழுதுனாங்க. அதுக்கு முன்னாடி ஜூடோ சம்மேளனத்துக்குத் தெரிஞ்சும் அவரக் கண்டிச்சுட்டு அதே பதவியில தொடர விட்டிருந்தாங்க, அதனாலதான் அந்த வீராங்கனைகள் ஒலிம்பிக் கமிட்டி வரைக்கும் போனாங்க. பேர வெளிய சொல்ல முடியாத நெலமை, ஏன்னா யாரு புகார் குடுத்தாலும் அடுத்த டீம் செலக்‌ஷன்ல அவ்வளவுதான். அவங்களுக்குத் துணையா வெளிப்படையா பேசினது முன்னாள் உலக சாம்பியன் யமகுச்சி கஓரி. கோச் ராஜினாமா பண்ணாரு, அந்த வருஷமே சம்மேளனத் தலைவரும் பதவி விலகினாரு.

பள்ளிக்கூடங்கள்ல நடந்தது இதவிடக் கொடும. 1983ல இருந்து கிட்டத்தட்ட 30 வருஷத்துல ஜப்பான் ஸ்கூல் ஜூடோல நூத்துக்கும் மேல புள்ளைங்க இறந்திருக்காங்கன்னு உச்சிதா ரியோங்கற ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்து வெளியிட்டாரு. நிறைய பேர் அப்பதான் புதுசா சேந்த முதல் வருஷப் புள்ளைங்க, பின்பக்கமா தலை அடிபட விழுந்து மூளையில ரத்தக்கசிவு. தலை வலிக்குதுன்னு வாத்தியார்கிட்ட சொல்றதே மரியாதைக் குறைச்சல்னு நினைக்கற ஒரு எடத்துல புள்ள வாயத் தொறக்குமா? டோக்கியோல ட்ராய்டோஸ கோச் அறைஞ்சதுக்கு ஏன் எச்சரிக்கை குடுத்தாங்கன்னு இப்பப் புரியும்னு நினைக்கறேன். ட்ராய்டோஸ் அப்ப முப்பத்திரெண்டு வயசுப் பொண்ணு, தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவங்க, அவங்க கேட்டது உண்மையாவே இருக்கட்டும். ஆனா அத டிவில பாக்கற பத்து வயசுப் புள்ளையும் அதோட ஊர் மாஸ்டரும் என்ன கத்துக்குவாங்க?

அப்புறம் 2022 மார்ச்ல ஜப்பான் சம்மேளனம் ஒரு முடிவு எடுத்துச்சு, தொடக்கப் பள்ளிப் புள்ளைங்களுக்கு நடத்திட்டு இருந்த தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திட்டாங்க. காரணம் அவங்களே சொன்னது, கோச்சுங்க புள்ளைங்களப் பட்டினி போட்டு எடை குறைக்க வைக்கறாங்க, ஓரத்துல நின்னு பெத்தவங்களும் கோச்சுங்களும் நடுவரத் திட்டறாங்க. பத்து பதினோரு வயசுப் புள்ளைங்க போட்டியில! அப்ப சம்மேளனத் தலைவர் யாரு தெரியுமா, அதே யமாஷிதா, தொடர்ந்து 203 மேட்ச் தோக்காம இருந்த மனுஷன். புள்ளைங்களுக்கு இருந்த ஒரே கனவப் புடுங்கிட்டீங்களேன்னு எதிர்ப்பும் வந்துச்சு, அந்த வருத்தம் நியாயமானதுதான், ஆனா என்னக் கேட்டா இந்த முடிவு சரி. தப்பு பண்ணது பெரியவங்க, அவங்கள நிறுத்த வேற வழி இல்லாமப் போச்சு.

போட்டியில கோச்சுக்கும் இப்ப ரூல் இருக்கு. சர்வதேசப் போட்டிகள்ல மேட்ச் ஓடிட்டு இருக்கும்போது கோச் கத்தக்கூடாது, நடுவர் "மாத்தே"ன்னு நிறுத்தி வைக்கற இடைவெளியில மட்டும்தான் பேசலாம், மீறுனா வெளிய அனுப்பிடுவாங்க. ஃபைனல் சுற்றுகள்ல கோட்டு டை போட்டுத்தான் சேர்ல உக்காரணும்.

உங்க புள்ளைய ஜூடோ, கராத்தே, சிலம்பம், எதுல சேக்கப் போனாலும் ஒரு நாள் முழு க்ளாஸையும் ஓரமா உக்காந்து பாருங்க. புள்ளைங்க வணக்கம் வைக்கும்போது ஆசான் திருப்பி வைக்கறாரா, இல்ல செல்ஃபோன நோண்டிக்கிட்டே தலைய ஆட்டறாரான்னு பாருங்க. ஒரு பையன் மாஸ்டர் எனக்கு தலை சுத்துதுன்னு சொன்னா உடனே உக்கார வைக்கறாரா, மத்தவங்க முன்னாடி சிரிக்கறாரா? சின்னப் புள்ள ஒன்னு ஏன் மாஸ்டர் இப்படிப் பண்ணணும்னு கேட்டா பதில் வருதா? சுவத்துல எத்தன கோப்பை அடுக்கியிருக்குங்கறத கடைசியாப் பாத்துக்கலாம். ஜூடோவா இருந்தா இன்னும் ஒன்னு, "உகேமி", அதாவது அடிபடாம விழறது எப்படின்னு பழகறது, புதுசா சேந்த புள்ளைக்கு முதல்ல அதுதான். அடுத்த மாசம் டோர்னமென்ட் இருக்கு, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு உகேமியத் தாண்டிப் போற மாஸ்டரா இருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க.

அடுத்த வீடியோல உகேமியோட நாலு வகையையும் மெதுவா காட்டறேன். தயவுசெஞ்சு அதப் பாத்துட்டு வீட்டு ஹால்ல டைல்ஸ் தரையில முயற்சி பண்ணாதீங்க, மேட் இருக்கற எடத்துல, சொல்லிக்குடுக்க ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும் பண்ணுங்க.